‘தண்டா வேண்டாம்’ என்றால் எது வேண்டாம்?

“…அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, நான் இல்லேங்கல. வெள்ளையா, பளிச்சுன்னு, கோயில் சுவரு மாதிரி இருக்கு. ஆனா என் வீட்டுச் சூட்ட யாரக் கேட்டு எடுத்துட்டுப் போனிய?”

நான் காதிலிருந்து போனை எடுத்தேன். பெயிண்ட் டின் எந்தக் கப்பலில் வருகிறது என்று சென்னை வியாபாரியிடம் கத்திக்கொண்டிருந்ததில் இந்தப் பேச்சின் முன்பாதி என் காதில் விழவில்லை. பின்பாதி விழுந்தும் விளங்கவில்லை.

குட்வில் எஸ்டேட்டில் மாடியில் இருந்த எங்கள் ஆபீஸ் வாசலில் செலினா நின்றிருந்தார். மீன் ஷெட்டில் ஐஸ் போட்டு மீனும் இறாலும் பேக் செய்கிற வேலை அவருக்கு. ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டிருந்தார். வெளியே மார்ச் மாத வெயில், மேலே ஃபேன் சுற்றியும் என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, எதிரே நிற்கிறவர் குளிரில் நிற்பது போல நிற்கிறார்.

“இன்னும் சூடு குறையலையாம்மா? கூரைக்கு ஒரே ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிருப்பானுங்க. இன்னொரு கோட்டு அடிச்சிரலாம், கவலைப்படாதீங்க.”

“ஆத்தாடி! ஒரு கோட்டுக்கே இந்தப் பாடு.” செலினா அக்குளிலிருந்து கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். “குறைஞ்சிட்டுன்னு சொல்லத்தான அண்ணாச்சி வந்தேன்.”

“குறைஞ்சா நல்லதுதானம்மா?”

“யாருக்கு?”

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ வீட்டில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கரண்ட் மிச்சமா, ஃப்ரிட்ஜை இரவில் அணைக்கலாமா, எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. இந்த ‘யாருக்கு’வை மட்டும் அதுவரை எவரும் கேட்டதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தெளிவான முடிவை எதிர்பார்த்துப் படிக்காதீர்கள். எனக்கே இன்னும் பாதி குழப்பம்தான்.

*கதகதப்பை அடித்துவிட்டோம்*

முதலில் நாங்கள் என்ன வேலை செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் வீட்டு ஒயரிங் ஆள். அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே சர்க்கார் வேலைக்கு வந்தவர். நான் காலேஜ் வாசல் மிதிக்காமல், சட்டைப் பையில் டெஸ்டரோடு வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொண்டவன். வயதாகி ஏணி ஏற முடியாமல் போனபோது, இந்தத் தொண்டு நிறுவனத்தில் ஆள் கேட்டார்கள். “உங்களுக்குத்தான் எல்லா வீட்டு ஸ்விட்ச்சும் தெரியுமே” என்று சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தீவில் கரண்ட் என்பது பெரும்பாலும் டீசல் என்ஜினில் பிறப்பது. டீசலோ கடல் தாண்டி வருவது. பேம்பூஃப்ளாட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் ஒருநாள் என்னிடம், “நம்ம ஊருக்கு மனுஷன் மட்டுமாண்ணே, கரண்டும் கப்பல்ல படுத்துக்கிட்டுல்ல வருது” என்றார். ஜனங்கள் போகிற போக்கில் சொல்வதை அப்படியே மனசில் வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தான் சொல்லுவேன். எந்தச் சார்ட்டையும்விட இது வேகமாக ஏறும்.

எங்கள் வேலை மூன்று விதம். பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போடுவது. கரண்டைத் தின்கிற பழைய ஃபேனை மாற்றுவது. தகரக் கூரைக்கு வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது. கூரை சூடாகாவிட்டால் வீடு வேகாது. வீடு வேகாவிட்டால் ஃபேனும் ஏசியும் குறையும். கணக்கு அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்தின் காகிதம், இதற்குப் பணம் கொடுக்கிற ஒரு குளிர்தேசத்திலிருந்து வந்தது. அதில் இரண்டு பாதி. முதல் பாதி, வீட்டில் மின்சாரச் சிக்கனம். இரண்டாம் பாதி, ஏழை வீட்டுக்குக் கட்டுப்படியாகும் கதகதப்பு. எங்கள் மேனேஜர் கவிதா மேடம் சென்னைக்காரர், சின்ன வயசு. காகிதம் வந்த அன்று கரண்ட் வேறு இல்லை. அவர் நெற்றி வியர்வையை அந்தக் காகிதத்தாலேயே விசிறிக்கொண்டு, “சார், வீட்டைச் சூடா வெச்சுக்க மக்கள் என்ன பண்றாங்கன்னு கேக்கறாங்க. இதுல என்ன எழுதறது?” என்றார்.

“நம்ம ஊர்ல கதகதப்பு ஃப்ரீன்னு எழுதுங்க மேடம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் இரண்டாம் பாதியை அடித்துவிட்டார். இந்த ஊரில் இருக்கிற எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

*ஒரு டீ*

திட்டத்துக்கு ஊர்ப் பெயர் ஒன்று வேண்டும் என்றார் மேடம். வங்காளி, தெலுங்கு, மலையாளி, நாம் என்று எல்லாரும் கலந்து கிடக்கிற ஊர். வாயில் நுழைகிற பொதுப் பாஷை இங்கத்திய இந்திதான். அதனால் ‘தண்டா கர்’ என்று வைத்தோம். குளிர்ந்த வீடு. பெயர் உடனே பிடித்துக்கொண்டது. போகப்போக ‘கர்’ உதிர்ந்துபோய் வெறும் தண்டா என்றே ஆகிவிட்டது. “எங்க லைன்ல தண்டா எப்ப அடிப்பீங்க?” என்றுதான் ஜனங்கள் கேட்பார்கள்.

அதே தண்டாதான் இந்த ஊரில் கூல் டிரிங்க்ஸும். கடையில் போய் ஒரு தண்டா என்றால் பாட்டிலைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் சாயாவா தண்டாவா என்று கேட்பதும் இதைத்தான். பெயர் வைத்த அன்று இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

கராச்சர்மாவில் செலினா குடியிருக்கிற வீட்டு லைனுக்கு ஒரு ஹாலில் கூட்டம் போட்டோம். நான் பேசி முடித்ததும் பேப்பர் கப்பில் கூல் டிரிங்க்ஸ் ஊற்றி, தட்டை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். செலினா எழுந்து என் எதிரே வந்தார்.

“அண்ணாச்சி, எனக்கு தண்டா வேணாம்.”

“ஏம்மா, தொண்டை சரியில்லையா?”

“தொண்டைக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. கைதான். தண்டான்னாலே எனக்கு ஆகாது அண்ணாச்சி. எங்க வீட்ட விட்டுருங்க.”

அந்தக் கடைசி வார்த்தை அன்று சத்தத்தில் அமுங்கிவிட்டது, பின்னால் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பின்னால் பிள்ளைகள் கப்புக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கவிதா மேடம், “பாவம், அவங்களுக்கு ஒரு டீ சொல்லுங்க சார்” என்றார். டீ வந்தது. செலினா அந்தக் கப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்துவிட்டு, “ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி, சொன்ன உடனே கேட்டுக்கிட்டிய” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஒரு டீக்கு இவ்வளவு கும்பிடா என்று நான் நினைத்தேன். தன் கூரையை விட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்தார்.

பெயிண்ட் ஆட்கள் போனபோது அவர் ஷெட்டில் இருந்தார். வீட்டில் மருமகள் ஜெனி மட்டும், மடியில் கைக்குழந்தையோடு. “அடிக்கலாமாம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள். “இன்னிக்கே அடிங்கண்ணா” என்று அவள் சொல்லியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் கூரை வெள்ளை.

செலினா வந்த அன்று ஆபீஸ் வாசலில் நின்று இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது எனக்கு அந்த டீ ஞாபகம் வந்தது.

“அப்ப அன்னிக்கு தண்டா வேணாம்னு சொன்னது…”

“கூரையத்தான்! பின்ன, ஒரு மடக்குக் கலர்த் தண்ணி வேணாம்னு சொல்லதுக்கா அவ்வளவு பேருக்கு முன்னால எந்திரிச்சு வந்தேன்?”

*மீட்டருக்கு விரல் இருக்கா?*

அன்றே அவரோடு பஸ் ஏறி கராச்சர்மா போனேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து மேட்டில் ஏறினால் அவர் லைன். பலகைச் சுவர், தகரக் கூரை, நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ப்ளைவுட் தடுப்பு. தடுப்புக்கு மேலே கூரை வரைக்கும் காலி. ஒரு பக்கம் ஜெனியும் குழந்தையும். மறுபக்கம் ஜன்னலோரம் ஒரு சின்ன மோட்டார் தையல் மிஷின். செலினாவின் மகன் கப்பலில் வேலை, வந்தால் வருவான்.

நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன். விடியும் முன்னே ஷெட்டுக்குப் போய்விடுவார். மத்தியானம் வரைக்கும் கை ஐஸுக்குள். கையுறை போட்டாலும் அதற்குள்ளும் தண்ணீர்தான். பல வருட ஐஸ். விரல் மூட்டெல்லாம் வீங்கி, வேலை முடிந்து வரும்போது எந்த விரலும் மடங்காது. வீட்டுக்கு வந்து இந்தத் தகரத்தின் அடியில், கூரை தாழ்ந்து இறங்குகிற ஓரத்தில், கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவார். மத்தியான வெயிலில் தகரம் அடுப்பு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் விரல் ஒவ்வொன்றாகத் திறக்கும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அதே வெக்கையில் உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பார். அந்த லைனில் பாதிப் பேர் அவர் தைத்த ஜாக்கெட்தான். ஈஸ்டருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். தைக்கக் கொடுத்த துணி கட்டிலில் குவிந்து கிடந்தது. ஒன்றும் வெட்டக்கூட இல்லை.

“கத்திரியப் பிடிக்க முடியல அண்ணாச்சி. துணி எங்கிட்டோ போகுது, கத்திரி எங்கிட்டோ போகுது. இந்த ஈஸ்டருக்கு நான் கொடுக்கலன்னா அடுத்த ஈஸ்டருக்கு எவ எங்கிட்ட வருவா? ஷெட்டுல எத்தன நாளைக்கு என்ன வெச்சிருப்பான்? பெறவு எனக்கு இந்த மிஷினத் தவிர என்ன இருக்கு?”

நான் பழக்கதோஷத்தில் தூரத்திலிருந்தே சூடு அளக்கிற டெம்பரேச்சர் கன்னை எடுத்துக் கூரையை நோக்கி அமுக்கினேன். நம்பர் ரொம்ப அழகாக இறங்கியிருந்தது. எங்கள் வேலை அவ்வளவு சுத்தமாகப் பலித்த கூரை அந்த லைனிலேயே அதுதான்.

“பாருங்கம்மா, இது இன்னும் குளிர் கிடையாது. சாதாரண உஷ்ணம்தான்.”

“அந்த மீட்டருக்கு விரல் இருக்கா அண்ணாச்சி?”

நான் கன்னைப் பைக்குள் போட்டேன்.

“வெளிய வெயில்ல கொஞ்ச நேரம் உக்காரலாமேம்மா?”

“உக்காந்து பாத்தாச்சு. ஒத்தத் தலைவலி வந்து மண்டையப் பொளக்குது. வெயிலு வேற, சூடு வேற. வெயிலு தலையில அடிக்கும். சூடு சும்மா வந்து நம்மகூட உக்காந்துருக்கும்.”

இப்படிப் பேசுகிறவரிடம் நான் என்ன எனர்ஜி ஆடிட் பேசுவது? அதோடு விட்டாரா? மிஷினுக்கு மேலே தொங்கிய எல்இடி பல்பைக் காட்டினார்.

“அந்தக் குண்டு பல்ப கழட்டிட்டுப் போனியளே, அதுவும் எனக்கு ஒத்தாசையா இருந்துது. ஊசியில நூல் கோக்கும்போது விரலக் கொஞ்சம் அதுக்கிட்ட காட்டிக்கிடுவேன். இது என்னத்துக்கு ஆகும்? வெளிச்சம் மட்டும் கொடுக்குது, வேற ஒண்ணும் கொடுக்க மாட்டேங்குது.”

அந்த எல்இடி எவ்வளவு குறைவாகக் கரண்ட் எடுக்கும் என்று நானே அதே வீட்டில் நின்று பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

தடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இருந்தது. அதில் தண்ணீர், தண்ணீருக்குள் வாட்டர் ஹீட்டர் ராடு. வீட்டுக்குள் நுழைந்ததும் செலினா போட்ட ஸ்விட்ச் அப்படியே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செலினா குனிந்து, சூடாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீருக்குள் கையை விடப் போனார்.

“யம்மா! கைய எடுங்க!”

நான் போட்ட சத்தத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் குழந்தை விழித்து அழுதது. ப்ளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். ராடு போட்ட தண்ணீரில் கை விட்டவர்களை எனக்குத் தெரியும். ஒயரிங் வேலையில் இருந்தபோது அந்த மாதிரி வீட்டுக்குப் போய் லைன் செக் பண்ணியிருக்கிறேன்.

“கூரைதான் தண்டா ஆயிட்டே, வேற எப்படி நான் கையத் திறக்க?” என்றார் செலினா, என்னவோ நான்தான் அநியாயம் பண்ணியது போல. “இதுலயும் சொகமில்ல. தண்ணியில முக்குனா கை ஈரமாவுது. ஈரக் கையோட பட்டுத் துணியத் தொட முடியுமா?”

யோசித்துப் பாருங்கள். கரண்ட் மிச்சம் பிடிக்கக் கூரைக்கு வெள்ளை அடித்தோம். வெள்ளை அடித்ததால் இந்த வீட்டில் ராடு வந்தது. ஃபேனில் மிச்சமானதை ராடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறது. போதாததற்கு ஆளையும் அடிக்கப் பார்க்கிறது.

நான் கிளம்பும்போது ஜெனி வாசல் வரைக்கும் வந்தாள். மாமியாருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“அங்கிள், அத்தை சொல்றதக் கேட்டுக் கூரையச் சொரண்டிராதீங்க ப்ளீஸ். பாப்பாவுக்கு உடம்பு பூரா வேர்க்குரு. ராத்திரி பூரா கத்தும். தண்டா அடிச்ச அன்னைக்குத்தான் ஆராமா, நிம்மதியா தூங்குச்சு. நானும் அன்னைக்குத்தான் தூங்குனேன்.”

“அத்தைகிட்ட நேரா சொல்லலாமேம்மா?”

“எப்படிச் சொல்றது? அவங்க கை விரலைப் பாக்குறேன்ல.”

*அடித்த பாதி திரும்பி வந்தது*

மறுநாள் கவிதா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஒன் மினிட். இந்த ஊர்ல ஒருத்தங்களுக்குக் குளிருதா?”

“குளிருது மேடம்.”

“கராச்சர்மாவுல? மார்ச் மாசம்?”

“ஐஸுக்குள்ள கை வெச்சா எந்த மாசமா இருந்தா என்ன மேடம்.”

அவர் டிராயரிலிருந்து அந்தப் பழைய காகிதத்தை எடுத்தார். பிறகு, “நாம சிரிச்சு அடிச்சுப் போட்டோமே, அந்தக் கதகதப்புப் பாதி… அது இவங்களுக்குத்தானா சார்?” என்றார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து வழி தேடினோம். சுடுதண்ணீர்ப் பை வாங்கிக் கொடுக்கலாம் என்றார் மேடம். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எப்படித் தைப்பது என்றேன். பாதிக் கூரையை மட்டும் பழையபடி ஆக்கலாம் என்றேன் நான். தடுப்புதான் பாதியோடு நிற்கிறதே, இந்தப் பக்கத்து வெக்கை தடுப்பு ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போகாதா என்றார் அவர். தடுப்பைக் கூரை வரைக்கும் ஏற்றினால் குழந்தை இருக்கிற பக்கத்துக்குக் காற்றே இல்லை, ஜன்னல் மிஷின் பக்கம்தான். கடைசியில் நான் தயங்கித் தயங்கி, “பேசாம அந்தக் குண்டு பல்பையாவது திருப்பிக் கொடுத்திரலாமா மேடம்?” என்றேன்.

“சார், அதைக் கழட்டத்தான் நமக்கு சம்பளமே!”

சிரிக்க வேண்டிய பேச்சு. ஆனால் அன்று எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

மேடம்தான் முடிவு சொன்னார். “அவங்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. வாயத் திறந்து, எழுந்து வந்து சொல்லியிருக்காங்க. நாம டீ கொடுத்து அனுப்பிட்டோம். கூரை அவங்களோடது. எடுத்துக் கொடுக்கறதுதான் சார் முறை.”

“குழந்தை?”

“அதான் சார் எனக்கும் தெரியல” என்றார்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று உண்டென்றால் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன். ஒருவர் வந்து வேண்டாம் என்றால், எது வேண்டாம் என்று இன்னொரு தடவை கேளுங்கள். கையில் இருக்கிற தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வீட்டுக்குள் போனால், அந்த வீட்டில் எத்தனை உடம்பு இருக்கிறது, ஒவ்வொரு உடம்பும் எங்கேயிருந்து வேலை செய்துவிட்டு வருகிறது என்று பாருங்கள். டெம்பரேச்சர் கன் கூரையைத்தான் காட்டும். கீழே உட்கார்ந்திருக்கிறவரைக் காட்டாது. இவ்வளவும் கேட்டுப் பார்த்த பிறகும் என்ன செய்வது என்று தெரியாமல் போகலாம். எனக்குப் போயிற்று.

*ஏணி சாத்திய மத்தியானம்*

இரண்டு ஆட்களையும் கம்பி பிரஷ்ஷையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏணியைச் செலினா வீட்டுச் சுவரில் சாத்தினோம். ஜெனி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செலினா ஷெட்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஏணியைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார். கை அக்குளுக்குள் இருந்தது.

“ஏத்தட்டுமாம்மா ஆள?” என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து வேறொரு குரல் வந்தது. “அரே, க்யா கர் ரஹே ஹோ?” என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் விசிறியபடி ஒரு வங்காளி அம்மா வெளியே வந்தார். ரேணு தீதி, அதாவது ரேணு அக்கா. எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர், பிரஷர் உடம்பு. அந்த வீட்டு ஓனர் கடல் தாண்டி மெயின்லேண்டில் இருந்துகொண்டு, என் கூரையில் எவனும் பிரஷ் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த லைனில் வெள்ளை அடிக்காத ஒரே வீடு அவருடையது. வெக்கை தாங்காமல் மத்தியானம் முழுக்க அவர் செலினா வீட்டில் ஜெனியோடு வந்து படுத்துக்கொள்வார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“இந்த தீதிக்குத்தான் அண்ணாச்சி எங்க வீட்டு தண்டா முழுசும்” என்றார் செலினா. “நான் வெறைச்சுப் போய்க் கெடக்கேன், இவங்க பாய விரிச்சு நல்லாக் குறட்ட விடுதாக.”

ரேணு தீதிக்குத் தமிழ் அரைகுறை. குறட்டை மட்டும் நன்றாகப் புரிந்தது. “நான் கொறட்டை இல்லே! ஜெனி, நீ சொல்!” என்று சண்டைக்கு வந்தார். பிறகு பிரஷ்ஷைக் காட்டி என்னிடம் திரும்பினார். இவர்கள் கூரையில் இருப்பதையா சுரண்டப் போகிறீர்கள், எனக்கு அடித்துக் கொடுங்கள் என்று எத்தனை தடவை கேட்டேன், வேண்டும் என்கிறவளுக்கு இல்லை, அடித்த வீட்டில் சுரண்டுகிறீர்கள், உங்கள் ஆபீஸில் யாருக்காவது புத்தி சரியாக இருக்கிறதா என்று இந்தியில் பொரிந்து தள்ளினார். ஏணிக்காரன் சிரித்தான். எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

செலினா ஜெனியின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். கிட்டப் போய், அதன் கழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். தன் விரல் எப்படி ஜில்லிட்டிருக்கிறது என்று நினைவு வந்ததுபோல, தொடாமலே இழுத்துக்கொண்டார். வேர்க்குரு வாடிப்போயிருந்தது எனக்கே தெரிந்தது.

“எப்பப் போச்சுது இது?” என்று ஜெனியிடம் கேட்டார்.

“தண்டா அடிச்சதுல இருந்து அத்தை.”

“சொல்லலயே நீ.”

ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். ஏணிக்காரன் முதல் படியில் காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் செலினாவைப் பார்த்தேன்.

“சொல்லுங்கம்மா. நீங்க சரின்னா ஏறச் சொல்றேன். உங்க கூரை.”

செலினா எதிர் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துருவேறிய பழைய தகரம். அதற்கு மேலே காற்று நெளிந்தது.

“தீதி, உங்க வீட்டுக்குள்ள இப்ப எப்படி? சூடா, கர்மி?”

“கர்மியா?” ரேணு தீதி இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். “தந்தூர்! முழு தந்தூர் அடுப்பு!”

“ஜன்னல் பக்கம் ப்ளக் பாயிண்ட் இருக்கா?”

“இருக்கு. ஏன்?”

செலினா விறுவிறுவென்று உள்ளே போனார். மிஷினின் ஒயரைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அந்தச் சின்ன மிஷின் அவர் கையில் இருந்தது. விரல் மடங்காததால், இரண்டு முழங்கையையும் மடக்கி அதன்மேல் படுக்க வைத்து நெஞ்சோடு அணைத்திருந்தார். தைக்காத துணிமூட்டை ஒரு தோளில் தொங்கியது. நான் பிடிக்கப் போனேன். “விடுங்க அண்ணாச்சி, வழி விடுங்க” என்றார்.

ஏணிக்கு அடியில் குனிந்து நுழைந்து, லைனைக் குறுக்கே கடந்து, ரேணு தீதி வீட்டுக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்துகொண்டு அந்தச் சூட்டுக்குள் போனார்.